பக்கத்தில் உட்காரப் போவது யார் என்று கேளுங்கள்

கேள்வி:

அக்கா, எனக்கு வயது 34. விருதுநகர் பக்கம். மதுரையில் பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு ஓமனில் ஐந்து வருடம் ஐ.சி.யூ.வில் இருந்தேன். அமெரிக்காவில் நர்ஸ் லைசென்சுக்கான என்கிளெக்ஸ் தேர்வு எழுதி, கிரீன் கார்டோடு ஹூஸ்டன் வந்து மூன்று வருடம் ஆகிறது. மெட்-சர்ஜ் (மருத்துவ-அறுவை சிகிச்சை) வார்டில் நைட் ஷிஃப்ட். இரண்டு பிள்ளைகள். என்னோடு வேலை பார்க்கும் இரண்டு மலையாளிச் சேச்சிகள் மனநல நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பில் சேர்ந்துவிட்டார்கள். ‘முழுக்க ஆன்லைன், 16 மாதம், வேலையை விட வேண்டாம்’ என்று எனக்கும் விளம்பரம் வந்துகொண்டே இருக்கிறது. கல்லூரியில் கீழ்ப்பாக்கத்துக்குப் போஸ்டிங் போனதைத் தவிர நான் மனநல வார்டில் நின்றதில்லை. சேரலாமா? டாக்டரேட் வரை போக வேண்டுமா? ஆங்கிலத்தில் ஒருவரிடம் பேசியே வைத்தியம் செய்ய என்னால் முடியுமா? ‘பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கவா அமெரிக்கா போனே’ என்று ஊரில் கேட்கிறார்கள். என் சித்தி மகள் சைக்கியாட்ரிக் நர்சிங்கில் எம்.எஸ்சி. முடித்திருக்கிறாள். அவள் நேரே இங்கே வந்து இந்த வேலையில் சேர முடியுமா? கடைசியாக ஒன்று. மாமியார் ஊரிலிருந்து அல்பிரசோலம் (பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் எடுப்பது) மாத்திரை கொண்டுவந்திருக்கிறார், தீரப்போகிறது. ‘நீ படிச்சு முடிச்சா நீயே எழுதிக் குடுத்துடலாமே’ என்கிறார். கொடுக்கலாமா?

- டெக்சாஸ் வாசகி

பதில்:

அன்புத் தங்கச்சிக்கு,

சேருங்கள். ஆனால் அந்த விளம்பரத்துக்குக் கீழே இருக்கிற பட்டனை இன்றைக்கே அமுக்கிவிடாதீர்கள். கடிதத்தில் ஆறேழு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் விட முக்கியமானதை மட்டும் விட்டுவிட்டீர்கள். படிக்கிற காலத்தில், நோயாளி எதிரே இருக்கும்போது, உங்கள் பக்கத்தில் உட்காரப் போவது யார்? அந்த ஆளைத் தேடித் தருவது கல்லூரியா, நீங்களா?

நான் நாகர்கோவிலில் படித்தவள். இந்த நாட்டில் எட்டு வருடம் நர்சாக இருந்தேன், அதில் கடைசி மூன்று வருடம் மனநல வார்டில். அதற்குப் பிறகுதான் இந்தப் படிப்புக்குப் போனேன். நர்ஸ் பிராக்டிஷனராகப் பதினான்கு வருடம் ஓடிவிட்டது. இப்போது வருடத்துக்கு இரண்டு மாணவிகளுக்கு நானே பிரிசெப்டர், அதாவது கிளினிக்கில் கூட இருந்து சொல்லிக்கொடுப்பவள். அதனால் பேச்சு கொஞ்சம் கறாராக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வார்டில் இப்போது டாக்டர் எழுதிய மருந்தை நீங்கள் கொடுக்கிறீர்கள். அது சரியில்லை என்று தோன்றினால் போன் போட்டுக் கேட்கிறீர்கள். மனநல நர்ஸ் பிராக்டிஷனர் ஆகிவிட்டால் அந்தப் போன் உங்களுக்கு வரும். நோயைக் கண்டறிவது, மருந்தைத் தேர்ந்தெடுப்பது, கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது, பேச்சு சிகிச்சை தருவது எல்லாமே உங்கள் கையெழுத்தில் நடக்கும். ஆறு வயதுப் பையனும் வருவான், எண்பத்தைந்து வயதுப் பாட்டியும் வருவார். முன்பு பெரியவர்களுக்குத் தனி, குடும்பத்துக்குத் தனி என்று இரண்டு தகுதித் தேர்வுகள் இருந்தன. இப்போது தேர்வு எல்லா வயதுக்கும் சேர்த்தே. அமெரிக்காவில் 12 கோடிப் பேருக்கு மேல், மனநல சிகிச்சை தருவோர் போதவில்லை என்று அரசே அறிவித்த பகுதிகளில் வாழ்கிறார்கள். உங்கள் போனில் இத்தனை விளம்பரம் வருவது அதனால்தான்.

இந்தப் படிப்பின் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும், அவசரமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் 1946இல் அமெரிக்கா ஒரு மனநலச் சட்டம் போட்டது. மனநல நர்சுகளை முதுநிலை வரை படிக்கவைக்க அந்தச் சட்டத்தின் வழியாகப் பணம் வந்தது. ஹில்டகார்ட் பெப்லாவ் என்ற நர்ஸ் 1954இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் மனநல நர்சிங்கில் நிபுணர்களை உருவாக்கும் முதல் முதுநிலைப் படிப்பைத் தொடங்கினார். அதற்கு இரண்டு வருடம் முன்னால் அவர் எழுதிய புத்தகம் நர்சுக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவைச் சிகிச்சையின் நடுவில் கொண்டுபோய் வைத்தது. நர்ஸ் பிராக்டிஷனர் என்ற வேலை பிறந்தது வேறு இடத்தில். 1965இல் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்ட் என்ற நர்சும் ஹென்றி சில்வர் என்ற டாக்டரும் குழந்தைகள் நலனுக்காக அதைத் தொடங்கினார்கள். பேசத் தெரிந்த பெப்லாவின் ஆறு ஒன்று, பரிசோதித்து முடிவெடுக்கும் ஃபோர்டின் ஆறு ஒன்று. இரண்டும் கலக்கிற இடத்தில்தான் நம் வேலை இருக்கிறது. விளம்பரம் உங்களுக்கு இரண்டாவது ஆற்றை மட்டும்தான் காட்டும். மருந்து எழுதலாம், வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம், சம்பளம் இவ்வளவு என்று. முதல் ஆற்றில் இறங்காமல் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு நோயாளி, ஒவ்வொருவருக்கும் இன்னொரு மாத்திரை. அவர்களும் களைத்துப்போகிறார்கள், நோயாளியும் தேறுவதில்லை.

படிப்பில் என்ன இருக்கும்? உயர்நிலை உடலியல்-நோயியல், உயர்நிலை உடல் பரிசோதனை, உயர்நிலை மருந்தியல் ஆகிய மூன்றும் எல்லா நர்ஸ் பிராக்டிஷனருக்கும் பொது. மூன்று பாடத்தின் பெயரும் ஆங்கிலத்தில் ‘பி’யில் வருவதாகக் கணக்கு வைத்து ‘மூன்று பி’ என்பார்கள். நடுவில் இருப்பதற்கு ‘பி’ எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், பிசிக்கலாம். அதற்கு மேல் மூளையின் இயக்கம், மனநல மருந்துகள், நோய் கண்டறிதல், குறைந்தது இரண்டு வகைப் பேச்சு சிகிச்சை. ஐ.சி.யூ. அனுபவம் வீண் என்று நினைத்திருப்பீர்கள், கடிதத்தில் அந்தத் தொனி தெரிகிறது. அது வீண் இல்லை. மனநிலையைச் சமன்படுத்தும் லித்தியத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் 0.6க்கும் 1.2க்கும் நடுவில் நிற்க வேண்டிய மருந்து, கொஞ்சம் ஏறினாலும் விஷம். ஹூஸ்டன் வெயிலில் கூரை வேலை பார்க்கிறவர் வியர்த்துக் கொட்டிவிட்டு, முட்டிவலிக்குக் கடையில் கிடைக்கிற ஐபுப்ரோஃபென் நாலு நாள் சாப்பிட்டால் போதும், அளவு ஏறிவிடும். சிறுநீரகத்தையும் சோடியத்தையும் ராத்திரி முழுக்கப் பார்த்துப் பழகிய கண் உங்களுக்கு இருக்கிறது. என் மாணவிகளில் ஐ.சி.யூ.விலிருந்து வந்தவர்கள் இந்தப் பாடத்தில் தடுமாறியதே இல்லை. லாமோட்ரிஜின் என்ற மருந்தை ஏன் 25 மில்லிகிராமில் தொடங்கி வாரக்கணக்கில் ஊர்ந்து ஏற்ற வேண்டும், கூடவே வால்ப்ரோயேட் என்ற மருந்தும் இருந்தால் ஏன் அதிலும் பாதிதான் என்பதெல்லாம் அவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

தடுமாறுவது வேறு இடத்தில். நான் தடுமாறியதையே சொல்கிறேன், ஆள் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

படிப்பின் இரண்டாவது வருடம், ஒரு சமூக நல கிளினிக். இருபத்திரண்டு வயதுக் கல்லூரி மாணவன். எதிலும் பிடிப்பில்லை, பரீட்சைக்குப் போகவில்லை, நாள் முழுக்கப் படுக்கை. மனச்சோர்வு அளக்கிற ஒன்பது கேள்வித் தாளில் 27க்கு 19. பக்கத்து அறைக்குப் போய் என் பிரிசெப்டரிடம் கடகடவென்று ஒப்பித்தேன்: மனச்சோர்வு நோய், செர்ட்ரலின் 50 மில்லிகிராம், நாலு வாரத்தில் திரும்ப வரச் சொல்லலாம். முப்பது வருடம் இதே வேலையில் இருந்த வெள்ளைக்காரம்மா அவர். பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “தூங்காமலேயே களைப்பில்லாமல் இருந்த நாட்கள் உண்டா என்று கேட்டாயா?” கேட்டேன் என்றேன். உண்மையில் ‘பித்து நிலை உண்டா’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று டிக் அடித்திருந்தேன், அவ்வளவுதான். “வா,” என்று எழுந்தார். உள்ளே போய் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போன மார்ச் எப்படி இருந்தது என்று சும்மா பேச்சுக் கொடுத்தார். முதலில் ஒன்றும் இல்லை என்றான். பிறகு சிரித்தான். அந்த மாதம் ஐந்து ராத்திரி தூங்கவில்லையாம். கிரெடிட் கார்டில் மூன்று கிடார் வாங்கியிருக்கிறான். அவனுக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. வெளியே காத்திருந்த அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டால், அவன் தாய்மாமாவும் அப்படித்தான் என்றார்.

பித்தும் சோர்வும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு மனச்சோர்வு மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் சிலர் பித்து நிலைக்குத் தாவிவிடுவார்கள். நான் எழுத இருந்தது அதைத்தான். எந்தப் பாடத்திலும் நான் ஃபெயில் ஆகவில்லை, அந்தக் கேள்விக்குப் பரீட்சையில் சரியாகவே விடை எழுதியிருந்தேன். பக்கத்தில் அந்த அம்மா இல்லாமல் இருந்திருந்தால் அவன் என்ன ஆகியிருப்பான் என்று இப்போதும் சில ராத்திரி நினைத்துக்கொள்வேன்.

இப்போது உங்கள் 16 மாதத்துக்கு வருவோம். தகுதித் தேர்வு எழுத, படிப்பின்போது மேற்பார்வையில் குறைந்தது 500 மணி நேரம் நோயாளிகளைப் பார்த்திருக்க வேண்டும் என்பது நெடுங்காலக் கணக்கு. 2022இல் வந்த தேசியத் தர விதிகள் அதை 750 ஆக்கின. 750 மணி நேரம் என்றால் எட்டு மணி நேர வேலையில் 94 நாள். சைக்கியாட்ரிஸ்ட் ஒருவர் மருத்துவக் கல்லூரி முடித்த பிறகு நான்கு வருடம் ரெசிடென்சி என்ற மேற்பார்வைப் பயிற்சி செய்கிறார். அந்த நான்கு வருடத்துக்கு எதிரே இந்த 94 நாளை வைத்துப் பாருங்கள். நம் வேலையை நான் குறைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாம் ஏற்கெனவே நர்சாக இருந்து கற்றதோடு வருகிறோம், சரிதான். ஆனால் கையில் இருப்பது இவ்வளவு சின்னக் கிண்ணம் என்றால், அதில் என்ன ஊற்றப்படுகிறது என்று பார்க்காமல் சேரக் கூடாது. அந்த மணி நேரங்களைச் சும்மா ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தும் கழிக்கலாம். நீங்களே பேசி, நீங்களே முடிவெடுத்து, அது தப்பென்று ஒருவர் சொல்லக் கேட்டும் கழிக்கலாம். தாளில் இரண்டும் ஒரே 750தான்.

ஆன்லைன் என்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு மருந்தியல் வகுப்பை ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டில் உட்கார்ந்து கேட்பதில் என்ன குறை? நல்ல பல்கலைக்கழகங்களே அப்படித்தான் நடத்துகின்றன, நடுநடுவே சில நாள் கல்லூரிக்கு வரவழைத்துப் பரிசோதனை செய்துகாட்டச் சொல்வார்கள். நோயாளியைப் பார்க்கும் கிளினிக்கல் பயிற்சியை எப்படியும் வகுப்புப் பாடம் போல ஆன்லைனில் முடிக்க முடியாது. கல்லூரிக்குப் போன் போட்டு, விண்ணப்பம் வாங்கும் ஆளிடம் பேசாதீர்கள், அவர் விற்பனைக்கு இருக்கிறார். படிப்பின் இயக்குநரோடு பேச வேண்டும் என்று கேளுங்கள். நர்சிங் படிப்புகளை மதிப்பிடும் சி.சி.என்.இ. அல்லது ஏ.சி.இ.என். அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். முறையான அங்கீகாரம் இல்லாத படிப்பை முடித்தால் தகுதித் தேர்வுக்கு உட்கார முடியாது, கட்டிய பணம் போனது போனதுதான். டெக்சாசில் வசிக்கும் மாணவியைச் சேர்த்துக்கொள்ள அனுமதி உண்டா என்று கேளுங்கள், சில வெளிமாநிலப் படிப்புகள் எல்லா மாநிலத்துக்கும் கிடையாது. பிறகு அந்தக் கேள்வி. “பிரிசெப்டரை நீங்கள் ஏற்பாடு செய்வீர்களா?” “உதவி செய்வோம்” என்று பதில் வந்தால், போன தடவை எத்தனை பேருக்கு நீங்களே இடம் பிடித்துக் கொடுத்தீர்கள் என்று விடாமல் கேளுங்கள். என் தோழி ஒருத்தி நாற்பது கிளினிக்குக்கு மின்னஞ்சல் அனுப்பி, ஒரு செமஸ்டர் தள்ளிப்போய், கடைசியில் இடம் பிடித்துக்கொடுக்கும் ஏஜென்சிக்குக் கைக்காசைக் கொடுத்து முடித்தாள். அவள் சேர்ந்ததும் ‘சீக்கிரம் முடிக்கலாம்’ என்ற படிப்பில்தான். கிடைத்த பிரிசெப்டரோ அவளை மூன்றாவது வாரமே தனியாக நோயாளி பார்க்கவிட்டுவிட்டு அடுத்த அறையில் தன் வேலையைப் பார்த்தவர்.

குழந்தைகள், முதியவர், போதைப் பழக்கம், உள்நோயாளி வார்டு ஆகிய நான்கையும் தொட்டுவிட இடம் உண்டா என்பதையும் பாருங்கள். முழு மணி நேரத்தையும் ஒரே கிளினிக்கில் வீடியோ வழியாகப் பெரியவர்களை மட்டும் பார்த்துக் கழித்துவிட்டு வருகிற பெண்கள், ஆட்டிசம் உள்ள குழந்தை முன்னால் வந்து உட்கார்ந்ததும் விழிப்பார்கள்.

சேர்வதற்கு முன்னால் மனநல வார்டில் ஒரு வருடமாவது நர்சாக இருங்கள். பல கல்லூரிகள் இதைக் கட்டாயமாக்கவில்லை, நான் கட்டாயம் என்பேன். உங்கள் ஆஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருந்தால் மாற்றல் கேளுங்கள், முடியாவிட்டால் மாதம் நாலு ஷிஃப்ட் வேறு இடத்தில் கூடுதலாகப் பாருங்கள். கீழ்ப்பாக்கம் போஸ்டிங்கில் நாமெல்லாம் என்ன செய்தோம்? கேஸ் ஸ்டடி எழுதினோம், மின்னதிர்ச்சி சிகிச்சையை வாசலில் நின்று பார்த்தோம், மதியம் கும்பலாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அதைப் போல இருக்காது. கத்துகிற ஒருவர் எதிரே குரலைத் தாழ்த்தி நிற்க, கதவுக்கும் உங்களுக்கும் நடுவில் அவரை நிற்க விடாமலிருக்க, மருந்து வேண்டாம் என்கிறவரிடம் சண்டை போடாமலிருக்க அங்கேதான் உடம்பு பழகும். இன்னொரு பலனும் உண்டு. ஆறு மாதத்தில் இது உங்களுக்கு ஒத்துவராது என்று தெரிந்தால், செலவு வெறும் ஆறு மாதம்தான்.

டாக்டரேட் இப்போதைக்கு வேண்டாம். 2015க்குள் எல்லா நர்ஸ் பிராக்டிஷனருக்கும் டாக்டரேட் அளவிலான படிப்பு என்று 2004இல் நர்சிங் கல்லூரிகளின் சங்கம் தீர்மானித்தது, நடக்கவில்லை. முதுநிலை முடித்தால் தேர்வு எழுதலாம், லைசென்ஸ் வாங்கலாம். பிள்ளைகள் வளர்ந்த பிறகு, கற்பிக்கப் போகிற எண்ணம் இருந்தால் யோசியுங்கள்.

பிறகு தகுதித் தேர்வு. என்கிளெக்ஸ் எழுதியவர் இதற்குப் பயப்பட வேண்டாம். சான்றிதழ் ஐந்து வருடத்துக்குச் செல்லும்.

உங்கள் ஊரான டெக்சாஸ் விஷயம் தனி. ஏறத்தாழ பாதி மாநிலங்களில் நர்ஸ் பிராக்டிஷனர் முழுச் சுதந்திரமாக வேலை பார்க்கலாம். பக்கத்து நியூ மெக்சிகோவில் முடியும், டெக்சாசில் முடியாது. மருந்து எழுத ஒரு மருத்துவரோடு எழுத்து மூலம் ஒப்பந்தம் வேண்டும். அதோடு, அரசின் கடும் கட்டுப்பாட்டில் உள்ள இரண்டாம் பட்டியல் மருந்துகளை ஆஸ்பத்திரி, ஹாஸ்பிஸ் (இறுதிக்காலப் பராமரிப்பு) தவிர மற்ற இடத்தில் நீங்கள் எழுத முடியாது. அட்டரால், ரிட்டாலின் எல்லாம் அந்தப் பட்டியலில்தான் வருகின்றன. கவனக்குறைவுக் கோளாறு உள்ள பையனை நீங்கள் கண்டறியலாம், அவனுக்குப் பெரும்பாலும் முதலில் கொடுக்கும் மருந்தை கிளினிக்கில் நீங்கள் எழுத முடியாது, டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். பல மாணவிகள் இதை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில்தான் தெரிந்துகொள்கிறார்கள். வீடியோ வழியாக வேறு மாநில நோயாளியைப் பார்க்க அந்த மாநில லைசென்ஸ் வேண்டும், நர்ஸ் லைசென்சில் உள்ள பல மாநில வசதி இதற்குப் பொருந்தாது.

அந்த ஒப்பந்த மருத்துவர் யார் என்பதும் நான் முதலில் கேட்ட கேள்வியின் தொடர்ச்சிதான். மாதம் ஒரு கையெழுத்துப் போட்டுக் காசு வாங்குகிறவரா, வாரம் ஒரு மணி நேரம் உங்களோடு உட்கார்ந்து கேஸ் பேசுகிறவரா? முதல் வேலையில் சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் இரண்டாவது ஆள் இருக்கிற இடத்துக்குப் போங்கள். முன்னாள் படைவீரர்களுக்கான அரசு ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் படிப்பு முடித்தவர்களுக்கு ஒரு வருட ரெசிடென்சி உண்டு. இடம் குறைவு, கிடைத்தால் விடாதீர்கள்.

பணம். உங்கள் ஆஸ்பத்திரியின் படிப்பு உதவித்தொகையை முதலில் கேளுங்கள், வருடத்துக்கு 5,250 டாலர் வரை வரி கிடையாது. பதிலுக்கு எத்தனை வருடம் அங்கேயே இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கிரீன் கார்டு இருப்பதால் மத்திய அரசின் கல்விக் கடன் உங்களுக்கும் உண்டு. ஆனால் செலவு முழுவதற்கும் கடன் தந்த கிராட் பிளஸ் திட்டம் 2026 ஜூலை 1 முதல் புதியவர்களுக்குக் கிடையாது, அதனால் கணக்கை இப்போதே போடுங்கள். ஆள் பற்றாக்குறை உள்ள இடத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தால் நர்ஸ் கோர் என்ற அரசுத் திட்டம் நர்சிங் கடனில் 60 சதவீதத்தைக் கட்டிவிடும், மூன்றாவது வருடமும் இருந்தால் இன்னும் 25. இதற்குக் கிரீன் கார்டு போதும். இதே போன்ற தேசிய சுகாதார சேவைப் படைத் திட்டம் குடியுரிமை கேட்கும்.

ஆங்கிலத்தைப் பற்றிய உங்கள் பயம் எனக்கும் இருந்தது. நோயாளியோடு பேசியதை வரிக்கு வரி நினைவிலிருந்து எழுதி, நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று பக்கத்திலேயே குறிப்பு எழுதும் ஒரு பயிற்சி உண்டு. பெப்லாவ் காலத்து முறை. என் முதல் தாள் திரும்பி வந்தபோது பதினோரு இடத்தில் சிவப்பு வட்டம். இலக்கணப் பிழை என்று நினைத்தேன். இல்லை, பதினோரு இடத்திலும் நான் அறிவுரை சொல்லியிருந்தேன். “காலையில் எழுந்து நடந்து பாருங்கள்”, “அப்பாவிடம் மனம்விட்டுப் பேசுங்கள்”. ஓரத்தில் ஆசிரியை எழுதியிருந்தார்: இவர் உன்னிடம் வழி கேட்டாரா? நம் ஊர்க்காரிக்கு இதை விடக் கஷ்டமான பாடம் கிடையாது. (இப்போது அறிவுரைப் பத்தியே எழுதிக்கொண்டிருக்கிறேன், பாருங்கள்.) இரண்டாவது கஷ்டம், மௌனம். ஒருவர் அழும்போது டிஷ்யூ நீட்டாமல், “பரவாயில்லை” சொல்லாமல் ஒரு நிமிடம் கூட இருப்பது. இந்த இரண்டுக்கும் ஆங்கிலம் குறைவாகவே தேவைப்படும். உச்சரிப்பு போகப்போகப் பழகிவிடும். புரியாத சொல்லை “அதற்கு உங்கள் வீட்டில் என்ன அர்த்தம்?” என்று கேட்கப் பழகுங்கள். எனக்கு அது பிறகு நல்ல சிகிச்சைக் கேள்வியாகவே மாறிவிட்டது.

தமிழும் சேர்ந்து உதவும். பிள்ளையைப் பார்க்க வந்த அம்மா ஒருவர் “நெஞ்சு அடைக்குது, உடம்பெல்லாம் எரியுது” என்று நாலு தடவை எமர்ஜென்சிக்குப் போய், இதயத்தில் ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்திருப்பார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் துக்கத்தை மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பிடிப்பது கடினம், உங்களுக்கு அரை நிமிடத்தில் பிடிபடும். அதற்காக இதயப் பரிசோதனையைத் தவிர்த்துவிடாதீர்கள், எரிச்சல் என்பது எப்போதும் துக்கமாக இருக்காது. தைராய்டும் பி12ம் பார்க்காமல் மனச்சோர்வு என்று எழுதாதீர்கள். இன்னொன்று, ஹூஸ்டன் தமிழ் உலகம் சின்னது. பியர்லாந்து மீனாட்சி கோயிலில் பொங்கல் வாங்கும் வரிசையில் உங்கள் நோயாளி முன்னால் நிற்பார். அவர் பேசினால் ஒழிய நீங்கள் பேசக் கூடாது. வீட்டுக்காரர் “யார் அது?” என்றாலும் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். இது முதல் நாளே வீட்டில் சொல்லிவைக்க வேண்டிய விஷயம்.

ஊர்ப் பேச்சுக்கு நான் பதில் சொல்லியே களைத்தவள். கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தொடக்கம் 1794. இருநூறு வருடத்துக்கு மேல் வைத்தியம் பார்த்த இடத்தின் பெயரை நாம் வசவுச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். எனக்கும் இதையேதான் சொன்னார்கள். அப்படிச் சொன்ன பெரியப்பா மகன் மூன்று வருடம் கழித்து ராத்திரி பதினொரு மணிக்குப் போன் போட்டு, “என் பையனைப் பத்தி ஒண்ணு கேக்கணும்” என்றான். விஷயம் அவ்வளவுதான்.

சித்தி மகள் நேரே வர முடியாது. நம் ஊர் எம்.எஸ்சி. நல்ல படிப்பு, பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் படித்தவர்களின் மருத்துவ அறிவைப் பார்த்து நானே வியந்திருக்கிறேன். ஆனால் அது மருந்து எழுதும் தகுதிக்கான படிப்பு இல்லை. இந்திய நர்சிங் கவுன்சில் தொடங்கிய முதுநிலை நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பும் தீவிர சிகிச்சைக்கானது, மனநலத்துக்கு இல்லை. அவள் முதலில் என்கிளெக்ஸ் எழுதி நர்சாக வர வேண்டும். பிறகு சான்றிதழ்களை மதிப்பீடு செய்து, அமெரிக்க முதுநிலைக்கு நிகர் என்று கல்லூரி ஏற்றுக்கொண்டால், முழுப் படிப்புக்குப் பதில் முதுநிலைக்குப் பிந்தைய சான்றிதழ்ப் படிப்பு போதும். அதிலும் அந்த மூன்று ‘பி’யையும் கிளினிக்கல் மணி நேரத்தையும் இங்கேதான் முடிக்க வேண்டியிருக்கும். பாடத்திட்டத்தை, மணி நேரக் கணக்கோடு கல்லூரி முத்திரை போட்டு இப்போதே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். பத்து வருடம் கழித்து அலைவதை விட இது சுலபம்.

மாமியார் மாத்திரைக்கு வருகிறேன். எழுதிக் கொடுக்கக் கூடாது, படித்த பிறகும். அல்பிரசோலம் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து, வீட்டு ஆளுக்கு அதை எழுதுவது உங்கள் லைசென்சோடு விளையாடுவது. ஊரிலும் அது சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்துதான், தெரிந்த மெடிக்கல் ஷாப்பில் கிடைத்துவிடுகிறது என்பது வேறு. ஆனால் இன்று உங்களுக்கு அவசரமான விஷயம் இதுதான். தீர்ந்துவிட்டது என்று திடீரென்று நிறுத்தவிடாதீர்கள். பல மாதமாகத் தினமும் எடுத்துவந்தால், சட்டென்று நிறுத்தும்போது வலிப்பு வரைக்கும் போகலாம். மிச்சம் எத்தனை மாத்திரை என்று இன்றைக்கே எண்ணுங்கள். எத்தனை மில்லிகிராம், எத்தனை வருடமாக என்று கேட்டு எழுதி, அட்டையோடு இந்த வாரமே ஒரு டாக்டரிடம் கூட்டிப்போங்கள். மெல்ல மெல்லக் குறைக்க அவர் திட்டம் போடுவார். அந்த வயதில் இந்த மாத்திரை எடுத்துக்கொண்டு ராத்திரி பாத்ரூம் போக எழுந்து விழுந்து இடுப்பு முறிந்தவர்களை உங்கள் வார்டிலேயே பார்த்திருப்பீர்கள்.

கூட்டிப்போவதற்கு முன்னால் ஒருநாள், பிள்ளைகள் பள்ளிக்குப் போன நேரத்தில், அவர் பக்கத்தில் உட்கார்ந்து எப்போதிலிருந்து தூக்கம் வரவில்லை என்று கேளுங்கள். பகல் முழுக்க அந்த வீட்டில் அவர் யாரோடு பேசுகிறார் என்றும் கேளுங்கள். சொல்லி முடிக்கிற வரைக்கும் அறிவுரை எதுவும் சொல்லாதீர்கள்.

அன்புடன்,
அக்கா